மூன்று வார விடுப்பும் அம்மாவின் முழங்கால் ஊசியும்

அம்மாவின் முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்ற எண்ணத்தோடு, மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். மூவரும் மூன்று வெவ்வேறு ஊசிகளைச் சொன்னார்கள்.

முதலில் சென்ற இடத்தில், பழைய எக்ஸ்ரேயை ஒருமுறை தூக்கிப் பார்த்ததோடு சரி, பி.ஆர்.பி. ஊசியை மூன்று தவணை போட்டால் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்றார்கள். நோயாளியின் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்தும் முறை இது. சொந்த இரத்தம் என்றதும் அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 288 பேரில் ஒரு பிரிவினருக்கு இதையும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரையும் வாரம் ஒன்றாக மூன்று முறை செலுத்தி, ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது, வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தயாரிப்பு முறை இடத்துக்கு இடம் மாறுவதால் ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாதுதான்; ஆனாலும் "வளரும்" என்று உறுதி கூறியது மிகை.

இரண்டாமவர், மூட்டுத் திரவத்தில் இயல்பாகவே உள்ள ஹையலூரானிக் அமிலத்தைச் செலுத்தும் ஜெல் ஊசியைப் பரிந்துரைத்தார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை, உப்புநீரைவிட இதில் வலி சற்றே கூடுதலாகக் குறைந்தாலும், நோயாளி உணரும் அளவுக்கு அது இல்லை என்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது போல என்று அவர் விளக்கியது அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது மருத்துவர் ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அம்மாவை நிற்க வைத்துப் புதிய எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படுத்த நிலையில் எடுத்தால் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியுமாம். சர்க்கரை அளவைக் கேட்டார். பிறகு, நான் எப்போது கிளம்புகிறேன் என்றும் கேட்டார். ஸ்டீராய்டு ஊசி சில நாட்களில் வலியைக் குறைக்கும், பலன் சில வாரங்களே நிற்கும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும், அரிதாக மூட்டில் கிருமித்தொற்று வரலாம் என்பதால், உடன் ஆள் இருக்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது என்றார். அடிக்கடி போடவும் அவர் சம்மதிக்கவில்லை. 2017-இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களுக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் இதைப் பெற்றவர்களுக்கு, உப்புநீர் பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்திருந்தது. வலியிலோ வேறுபாடு இல்லை. ஊசி போட்டுக் குறைந்தது மூன்று மாதம் கழியும் முன் மூட்டு மாற்று அறுவைக்கும் போகக் கூடாது என்றார்.

நான் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது வலது முழங்காலில் அந்த ஊசியைப் போட்டோம். நான்காம் நாள் அம்மா கைப்பிடியைப் பற்றாமல் படியேறினார். சர்க்கரையும் சொன்னபடியே ஏறி, ஒரு வாரத்துக்குள் இறங்கியது. வலி தணிந்திருக்கும் இந்த வாரங்களில்தான் தொடைத் தசைக்கான பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் வலியுறுத்தியதால், மீதி நாட்களில் பிசியோதெரபிக்கு அழைத்துச் சென்றேன். ஊசியைவிட இது ஓராண்டுக்குப் பின் கூடுதல் பலன் தந்ததாக, 156 பேரை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஆய்வும் உண்டு.

மருந்தின் பெயர், அளவு, தேதி, எந்தக் கால் ஆகியவற்றை ஒரு தாளில் கேட்டு வாங்கினேன். அதன் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. தாள் அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கிறது.