டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட்: பின்பக்க அட்ஜஸ்டபிள் ஆர்மில் எந்த மூட்டு வேண்டும்?

2012-ல் வந்த டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் இரண்டிலும் பின்சக்கரத்தின் டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தைத் திருத்த எக்சென்ட்ரிக் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் மையம் விலகிய போல்ட்) இருக்கிறது. கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாயும் கோணத்தைத் திருத்தத் தொழிற்சாலை எதையும் வைக்கவில்லை. மைனஸ் என்றால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்டாக் (தொழிற்சாலை) உயரத்தில் பின்பக்கம் சுமார் மைனஸ் 1.2 டிகிரி, முன்பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஸ்பிரிங் மாற்றி 25, 30 மி.மீ. இறக்கினால் பின்பக்கம் மைனஸ் 2-ஐத் தொடும், சில கார்களில் தாண்டும். முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தை மேலே தாங்கும் அமைப்பு) என்பதால் அங்கே கேம்பர் அவ்வளவு ஏறாது. விளைவாக, வளைவில் கார் முன்பக்கமாக வழுக்கும், பின் டயரின் உள்ஓரம் தேயும். உடனே பலரும் தேடுவது அட்ஜஸ்டபிள் பின் லோயர் கன்ட்ரோல் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் காரின் அடியோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய கீழ்த் தண்டு.

வாங்குமுன் இரண்டு விஷயங்களைச் சோதித்துவிடுங்கள்.

முதலாவது டோ. உள்ஓரத் தேய்மானத்துக்குக் கேம்பரைவிட டோவே பெரும்பாலும் காரணம். உயரம் குறையும்போது டோவும் மாறும். ஒரு சக்கரம் 0.2 டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அந்த டயர் ஏறக்குறைய 3.5 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது. கேம்பர் மைனஸ் 2 ஆக இருந்தும் டோ சரியாக உள்ள டயர், மைனஸ் 1-ல் டோ கெட்ட டயரைவிட நீண்ட நாள் உழைக்கும். ஆகவே ஸ்பிரிங் மாற்றியதும் முதலில் அலைன்மென்ட் செய்து, இருக்கிற எக்சென்ட்ரிக் போல்ட்டால் டோவை நேராக்குங்கள்.

இரண்டாவது முன்பக்கம். வழுக்கலைக் குறைக்கப் பின் கேம்பரைக் குறைப்பது பின்பக்கப் பிடியைப் பறித்துச் சமன் செய்வதாகும். முன் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் அல்லது மேலே கேம்பர் பிளேட் போட்டு முன்பக்கத்தை மைனஸ் 2-க்குக் கொண்டுபோனால், மைனஸ் 2-ல் நிற்கும் பின்பக்கம் குறையாகத் தெரியாது. டிராக்குக்குப் போகும் கார்களுக்கு இதுதான் முதல் வேலை என்பது எங்கள் உறுதியான கருத்து. இவ்வளவும் செய்த பிறகும் பின்பக்கம் மைனஸ் 2.5-ஐத் தாண்டி நின்றாலோ, இடதும் வலதும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டாலோ, அகலமான வீல் உள்ளே அடங்காமல் போனாலோ ஆர்ம் தேவை.

மேல் ஆர்மா, கீழ் ஆர்மா?

கேம்பரை இரண்டு வழியில் குறைக்கலாம். மேல் ஆர்மை நீட்டினால் சக்கரத்தின் தலை வெளியே வரும். கீழ் ஆர்மைச் சுருக்கினால் அடிப்பகுதி உள்ளே போகும். கோணம் ஒன்றேதான், இடம்தான் வேறு. தலை வெளியே வந்தால் டயர் ஃபெண்டர் விளிம்பை உரசும். அகல வீல் போட்டவர்களுக்கு இது பெரிய தொல்லை. எனவே இறக்கிய காருக்குக் கீழ் ஆர்மே சரி. ஒரு கவனம்: ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைக்கும் லிங்க் கீழ் ஆர்மில்தான் மாட்டியிருக்கிறது. ஆர்மின் நீளம் மாறினால் லிங்க்கின் நிலையும் மாறும். கார் நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போது லிங்க் போல்ட் கையால் தள்ளினாலே உள்ளே நுழைய வேண்டும். நெம்பித்தான் நுழைகிறது என்றால் பார் முறுக்கேறி நிற்கிறது, கார் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு மாதிரித் திரும்பும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் போட்டு அதைத் தீர்க்கலாம்.

மூட்டுதான் ஆர்ம்

விளம்பரங்கள் குழாயின் உலோகத்தையும் நிறத்தையும் காட்டும். ஓட்டும்போது உணர்வதும், பிறகு பழுதாவதும் இரண்டு முனைகளில் உள்ள மூட்டு. ஹார்ட்ரேஸ் நிறுவனம் கடின ரப்பர், பில்லோ பால் (கோள மூட்டு) இரண்டையும் தருகிறது. வைட்லைன் பாலியூரித்தேன் பக்கம். எஸ்பிஎல் கோள மூட்டுப் பக்கம். பெயரைவிட இந்தப் பிரிவு முக்கியம்.

கடின ரப்பர் புஷ்ஷில் (ஆர்ம் முனையில் இருக்கும் ரப்பர் மூட்டு) உள் ஸ்லீவும் வெளி ஷெல்லும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். எதுவும் எதன்மீதும் வழுக்குவதில்லை. அதனால் சத்தமில்லை, கிரீஸ் வேண்டாம், மழை, சேறு பற்றிக் கவலை இல்லை. எந்தத் திசையிலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஸ்டாக் ரப்பரைவிட இறுக்கமாக இருப்பதால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் சக்கரம் குறைவாகவே நகரும். ஒரே நிபந்தனை: போல்ட்டை முழு டார்க்கில் முறுக்குவது கார் தன் எடையில் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டு இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும், காரின் உயரமும் பொய்யாகச் சற்று ஏறித் தெரியும். ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிந்ததாக வரும் குறைகளில் பல இந்த ஒரு தவறிலிருந்து வருபவை.

பாலியூரித்தேன் நடுவழி போலத் தோன்றும். ஒரே அச்சில் மட்டும் திரும்பும் இடத்தில் அது நன்றாகவே உழைக்கும். பல ஆர்ம்கள் தாங்கும் மல்டிலிங்க் பின்பக்கத்தில் ஆர்மின் வெளிமுனை திரும்புவதோடு சாயவும் செய்யும். பாலியூரித்தேன் திரும்பும், சாயாது. சாய வேண்டிய இடத்தில் இறுகிப் பிடித்து, ஸ்பிரிங்கோடு சேர்ந்து இன்னொரு ஸ்பிரிங் போல எதிர்க்கும். பிறகு அந்த முனையில் ஓவலாகத் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். கீச்சொலி வந்தால் கிரீஸ் வறண்டுவிட்டது என்று பொருள். சிலிகோன் அல்லது பிடிஎஃப்இ (டெஃப்லான்) அடிப்படையிலான கிரீஸ் மட்டுமே போட வேண்டும். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இல்லாத ஆர்ம் என்றால் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டிவரும். இந்த ஒரு இடத்துக்குப் பாலியூரித்தேனை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கோள மூட்டு என்பது எஃகுக் கூட்டுக்குள் எஃகுப் பந்து. பில்லோ பால் என்பதும் ராடு எண்ட் என்பதும் இந்தக் குடும்பம்தான். நசுங்குவதில்லை, சாய்வதிலும் எதிர்ப்பு இல்லை. அலைன்மென்ட் மெஷினில் வைத்த எண் வளைவில் சுமை ஏறும்போதும் அப்படியே நிற்கும். டிராக்கில் பின்பக்கம் என்ன செய்கிறது என்பது உடனுக்குடன் இருக்கைக்கு வந்து சேரும். விலையும் உண்டு: சாலையின் ஒவ்வொரு சிறு குழியும் காதில் விழும், மண் புகுந்தால் லைனர் (பந்துக்கும் கூட்டுக்கும் இடையிலான படலம்) தேயும். வாங்கும்போது ரப்பர் உறையோ சீலோ உள்ள மூட்டையே எடுங்கள்.

கோள மூட்டிலேயே இரண்டு அமைப்புகள் உண்டு. ஆர்ம் முனையின் கூட்டுக்குள் பேரிங்கை அழுத்தி ஸ்னாப் ரிங் (பூட்டு வளையம்) வைத்துப் பூட்டுவது ஒன்று. மரைத் தண்டோடு வரும் ராடு எண்ட் மற்றொன்று. முதலாவதில் சுமை கூட்டின் சுவரில் பரவும். இரண்டாவதில் மரைத் தண்டு இழுப்பையும் தள்ளலையும் தாங்கும், வளைப்பைத் தாங்காது. ஸ்டெபிலைசர் லிங்க் ஆர்மைப் பக்கவாட்டில் இழுக்கும் இடத்தில் இதை நினைவில் வையுங்கள். ஆனால் பொது அளவு ராடு எண்ட் பேரிங் கடைகளிலேயே கிடைக்கும். ஒரு நிறுவனம் தனக்கென்று செய்த மூட்டு அந்த நிறுவனத்திடம் மட்டும்தான். மாற்று மூட்டு தனியாக விற்கிறார்களா என்று கேட்காமல் ஆர்ம் வாங்காதீர்கள்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக. எஃகுக் குழாய் நடைபாதை விளிம்பில் மோதினால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். 6061 எனும் அலுமினியக் கலவை லேசு, துருப்பிடிக்காது. அடிபட்டால் வளைவைவிட விரிசலைத்தான் தேட வேண்டும். அலுமினிய உடலில் எஃகு மரை ஈரத்தில் அரித்துப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு அசையாது. பொருத்தும்போதே மரையில் ஆன்டி சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவுங்கள். ஸ்டாக் ஆர்மைவிட மிக வலுவான ஆர்ம் எப்போதும் நன்மை என்றும் எண்ண வேண்டாம். ஆர்ம் வளையாத மோதலில் அந்த அடி ஆர்ம் மாட்டும் சப்ஃபிரேமின் (அடிச்சட்டம்) காதுக்கும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் போகும்.

பொருத்தும் வேலை

பழைய ஆர்மைக் கழற்றியதும் போல்ட் துளை மையத்திலிருந்து மறு துளை மையம் வரை அளந்து, புதிய ஆர்மை மேசையிலேயே அதே நீளத்துக்கு வையுங்கள். அப்போதுதான் கார் நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகும். ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை உள்ள ஆர்ம் காரில் இருக்கும்போதே நடுக்குழாயைத் திருப்பித் திருத்தக்கூடியது. எம்16 (16 மி.மீ. விட்டம்), 1.5 மி.மீ. இடைவெளி மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 3 மி.மீ. மாறும். மேல், கீழ் மூட்டுகளுக்கு இடையே 250 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் 1 டிகிரிக்கு 4.4 மி.மீ. வேண்டும்; அதாவது ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. எனவே கால் சுற்று கால் சுற்றாக நகருங்கள். ஒரே பக்கம் மரை உள்ள மலிவான ஆர்மில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அலைன்மென்ட் கடைக்காரர் அதைச் செய்ய மறுப்பதும் நியாயம்தான்.

மரை உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதில் சமரசம் கூடாது: விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. எம்16-க்கு 24 மி.மீ. இரண்டு முனையிலும் சமமாக இருக்கட்டும்.

நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட்டை முறுக்கும் நேரத்தில்தான் கோள மூட்டு ஆர்ம்கள் கெடுகின்றன. நட்டை மட்டும் முறுக்கினால் மூட்டின் தலையும் அதோடு திரும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பார்வைக்குச் சரியாகவே இருக்கும். சக்கரம் முழுவதும் மேலேறும்போது பந்தின் சாய்வு எல்லை முடிந்து, தண்டு வளைப்பை வாங்கத் தொடங்கும். ஒருநாள் மரையின் அடியில் ஒடியும். ஒரு ஸ்பேனரால் மூட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை முறுக்குங்கள். முடித்ததும் ஆர்மைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே அளவு உருள வேண்டும். பிறகு நட்டிலிருந்து குழாய் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு.

வரிசை மாறக் கூடாது: முதலில் காரின் உயரம், அடுத்து கேம்பர், கடைசியில் டோ. கேம்பர் தொட்டால் டோ மாறும். பாதி டேங்க் பெட்ரோல், ஓட்டுநர் எடைக்கு ஈடான மூட்டை இருக்கையில் வைத்து அளப்பது நல்லது. வீல் நட் 120 நியூட்டன் மீட்டர். ஆர்ம் போல்ட்களுக்குச் சர்வீஸ் மேனுவலின் எண், லாக் நட்டுக்கு ஆர்மோடு வந்த தாளின் எண்.

பராமரிப்பு

100 கி.மீ. ஓடியதும் பெயின்ட் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது; மறுபடி முறுக்கினால் போதாது, அலைன்மென்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். பிடிஎஃப்இ லைனர் உள்ள மூட்டுக்குக் கிரீஸோ எண்ணெய் ஸ்பிரேயோ போடாதீர்கள், மண்ணை ஒட்டவைத்து லைனரைத் தேய்க்கும். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். பிரஷர் வாஷர் முனையை மூட்டின் பக்கம் திருப்ப வேண்டாம். ரப்பர் ஆர்முக்கு ஒவ்வொரு 10,000 கி.மீ.க்கும் கிழிசல் பார்த்தால் போதும். கோள மூட்டை ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

மெதுவாகப் போகும்போது சிறு மேட்டில் டக் என்று ஒலித்தால் காரை ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, மூட்டுக்கும் சப்ஃபிரேமுக்கும் இடையே நெம்புகோலை வைத்து மெல்ல அசையுங்கள். ஒரு விரல் மூட்டின் மீது இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஆட்டம் இருந்தால் அந்த மூட்டை மாற்றியே ஆக வேண்டும். கழற்றுமுன் வெளியே தெரியும் மரையை அளந்து குறித்துவிட்டு, எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். புதியதை அதே சுற்று எண்ணிக்கைக்கு ஏற்றினால் அலைன்மென்ட் கடை வரை கார் நேராக ஓடும்.

தினமும் சாலையில் ஓடி, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை டிராக் பார்க்கும் காருக்குக் கடின ரப்பர், இரட்டை மரை, எஃகு ஆர்ம். பள்ளமற்ற பந்தய டயரான ஸ்லிக்கில் நேரத்தைத் துரத்தும், டிரெய்லரில் வந்து போகும் காருக்குச் சீலோடு கூடிய கோள மூட்டு. கூடவே டோ ஆர்மும், தொழிற்சாலை எக்சென்ட்ரிக் போல்ட் நழுவாமல் பூட்டும் கிட்டும்.