கோடா, நிறமா? தெகாவும் ரெதோனும்

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர்களான தெகா, ரெதோன் இருவரின் பாஸ்டல் ஓவியங்களும், அதாவது நிறத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளால் வரைந்தவையும், உள்ளன. எட்கார் தெகா 1886-இல் வரைந்த ‘குளியல் தொட்டி’யில் முதலில் கண்ணில் படுவது கோடுதான். குனிந்திருக்கும் பெண்ணின் முதுகு ஒரே வளைவு. வலப்புறம் கூஜா வைத்த பலகையின் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல நேராக இறங்குகிறது. நிறத்தையும் தெகா கோடாகவே போடுவார். ஓர் அடுக்கைத் தீட்டி, தூள் உதிராமலிருக்க ஒட்டுநீர் தெளித்து, அதன்மேல் வேறு நிறக் கீற்றுகள். அடிநிறம் இடுக்குகளில் எட்டிப் பார்க்கும்.

ஓதிலோன் ரெதோன் நேர்மாறு. பல ஆண்டுகள் கரியிலேயே வரைந்தவர், 1890-களில் நிறத்துக்குத் திரும்பினார். அவருடைய ‘புத்தர்’ ஓவியத்தில் நிறத்தூள் மேகம்போலப் படர, உருவம் அதற்குள் கரைகிறது.

அழகுதான். ஆனாலும் என் மனம் தெகா பக்கமே. தொட்டாலே உதிரும் தூளில் ஓர் உடம்பின் எடையைக் கொண்டுவருவது லேசான காரியமா!