அம்மாவின் கடைசி விருப்பம்: இல்லத்துப் படிவமா, லிவிங் வில்லா?

அம்மா கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, இல்லமே தரும் விருப்பப் படிவம். இன்னொன்று, சட்டப்படியான லிவிங் வில். நாங்கள் கடைசியில் போனது லிவிங் வில்லுக்கு.

படிவம் சுலபம். பத்து நிமிடத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிடலாம், செலவும் கிடையாது. ஆனால் அதில் 'அவசரத் தொடர்பு' என்ற இடத்தில் இருந்தது, மாதக் கட்டணம் கட்டும் அண்ணனின் நம்பர். அண்ணன் டல்லாஸில் இருக்கிறார். போன வருடம் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது அவருக்குத்தான் போன் போனது. "என்னென்ன உண்டோ எல்லாம் பண்ணுங்க" என்று பதறினார். பெற்ற பிள்ளை வேறு என்ன சொல்வார்? கால் மணி நேரத் தூரத்தில் இருந்த எனக்குத் தகவல் வந்தது விடிந்த பிறகு. ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தை யாரும் கேட்கக்கூட இல்லை. தேறி வந்த அம்மா முதலில் சொன்னது, "அடுத்த தடவை உன்னைக் கேக்கட்டும்."

என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, யாரைக் கேட்பார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. லிவிங் வில்லை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரிக்குப் பிறகு இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும். தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் யார் சம்மதம் தர வேண்டும் என்று அதிலேயே பெயர் எழுத வேண்டும். ஒருவருக்கு மேலும் எழுதலாம். அண்ணனையும் சேர்க்க யோசித்தோம்; இருவரும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பவும் அதே ராத்திரிதான். அம்மா என் பெயரை மட்டும் போட்டார். வீடியோ காலில் அண்ணனுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார். வெண்டிலேட்டர் வேண்டாம் என்ற வரியில் அண்ணன் அழுதுவிட்டார். அப்புறம் சரி என்றார்.

இது காட்டிய உடனே நடக்கும் காகிதம் இல்லை. குணமாக வழியில்லாத நிலைக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். எங்களுக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை, அதனால் நடைமுறையில் எவ்வளவு இழுக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. மறதி தொடங்கியவர்கள் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. தெளிவான மனதோடு எழுதினால்தான் செல்லும்.

படிவத்தையும் விடவில்லை, நம்பரை மாற்றிக் கொடுத்தோம். லிவிங் வில்லின் நகல் ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில். இன்னொன்று, ஆம்புலன்ஸ் வந்தால் அம்மாவோடு போகும் ஈ.சி.ஜி. பைலில், முதல் தாளாக.