சோங்ஸ்வான் ஏரி, ஓஸ்லோ: நடைக்கு எப்படி?

ஓஸ்லோவில் காட்டு நடைக்கு முதலில் பார்க்க வேண்டியது சோங்ஸ்வான் ஏரிதான். மெட்ரோ 5ஆம் தடத்தின் கடைசி நிறுத்தம். இறங்கினால் சில நிமிடத்தில் கரை. ஏரியைச் சுற்றி 3.3 கி.மீ. சரளைப் பாதை, ஏற்றமே இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்தே ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். வெயில் நாளில் கூட்டம் நெரியும். அமைதி வேண்டுமென்றால் வடமுனையில் காட்டுக்குள் திரும்பி உல்லெவோல்செத்தர் உணவு விடுதி வரை ஏறுங்கள், அருமையான வழி.

மரத்தில் நீலக் குறி கோடை நடைக்கு, சிவப்புக் குறி பனிச்சறுக்குக்கு. கோடையில் சிவப்பைப் பிடித்துப் போனால் சில இடங்களில் சதுப்பில் கால் புதையும். அந்தத் தடங்கள் உறைந்த நிலத்தை நம்பிப் போட்டவை. குளிர்காலத்தில் கரைப் பாதையின் பனி பலர் மிதித்து, பகலில் உருகி, இரவில் மறுபடி கட்டியாக இறுகிவிடும். வெறும் ஷூ நிற்காது. அடியில் மாட்டும் ஆணிப்பட்டை கட்டாயம் வேண்டும்.