சாமான் நம்முடையது, வேலை பிளம்பருடையது: எங்கள் பாத்ரூம் அனுபவம்

பாத்ரூம் சாமான் எல்லாம் நாமே கடையில் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஆள் வைத்துச் செய்யலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். செய்யலாம், நன்றாகவே வரும். ஆனால் சுவருக்கு உள்ளே போகிற எதையும் பிளம்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் வாங்காதீர்கள். வெளியே தெரிகிற குழாய், வாஷ்பேசின், கண்ணாடி எல்லாம் உங்கள் இஷ்டம்.

எங்கள் வீடு சென்னை கொளத்தூரில் பழைய அபார்ட்மெண்ட், மேல் மாடி. பாத்ரூமில் டைல்ஸ் உட்பட எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. முதலில் ஒரு கான்ட்ராக்டரிடம் சாமானோடு சேர்த்து மொத்தமாக ரேட் கேட்டோம். அவர் கொடுத்த தாளில் குழாய் என்ற இடத்தில் 'நல்ல கம்பெனி' என்று மட்டும் இருந்தது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்டால், வேலை ஆரம்பிக்கும்போது பார்த்துக்கலாம் என்கிறார். பத்து பதினைந்து வருஷம் தினமும் கை படுகிற பொருளுக்கு இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அதனால் டைல்ஸுக்கு ஒரு மேஸ்திரி, குழாய்க்கு ஒரு பிளம்பர், இரண்டு பேருக்கும் லேபர் மட்டும், சாமான் எங்களுடையது என்று முடிவு செய்தோம்.

வாங்கியது பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையில். ஒரு கடையில் பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம் என்பது அந்தத் தெருவின் பெரிய வசதி. நாங்கள் பார்த்த கடைகளில் எம்ஆர்பியில் 20, 25 சதவீதம் குறைத்துத்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள், அதற்கு மேல் பேசினால் இன்னும் கொஞ்சம் இறங்கினார்கள். ராணிப்பேட்டையில் தொழிற்சாலை உள்ள பேரிவேர், அப்புறம் ஜாக்குவார், செரா, ஹிண்ட்வேர் என்று எல்லாவற்றையும் கையில் எடுத்துத் திருகிப் பார்க்க விடுகிறார்கள். குழாயைக் கட்டாயம் கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளைக் குழாயின் கனம் கைக்குத் தனியாகத் தெரியும், ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கினால் அது தெரியாது.

கடைக்கு பிளம்பர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனோம். பார்ட்டியைக் கூட்டிவரும் பிளம்பருக்குக் கடையில் கமிஷன் கொடுக்கிற வழக்கம் உண்டு, அதனால் பலர் அவர்களை அழைத்துப் போகத் தயங்குகிறார்கள். நாங்கள் அவருடைய அன்றைய கூலியை முன்னாலேயே கொடுத்துவிட்டு, 'எங்களுக்காக வாங்கண்ணே' என்று சொல்லித்தான் அழைத்துப் போனோம். அந்தக் கூலி வீண் போகவில்லை. சேல்ஸ்மேன் ஒரு பெரிய மழை ஷவரைக் காட்டி விலையை இறக்கிக்கொண்டே போனார், எனக்கும் பிடித்திருந்தது. பிளம்பர் அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேங்க் தலைக்கு மேலயே இருக்கும்மா, இது மாட்டினா சொட்டு சொட்டாத்தான் விழும்" என்றார். கணக்கு அப்படித்தான். டேங்கில் நிற்கிற தண்ணீர் ஷவரை விட 10 அடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் பிரஷர் சுமார் 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), இவ்வளவு பெரிய ஷவருக்கு அது போதாது. 1 பார் வேண்டுமென்றால் 33 அடிக்கு மேல் உயரம் வேண்டும், இல்லையென்றால் பிரஷர் பம்ப் போட வேண்டும். மேல் மாடிக்காரர்களுக்குத்தான் இதில் பாதிப்பு அதிகம், கீழ்த் தளத்தில் அதே ஷவர் நன்றாகக் கொட்டும். சின்ன ஷவராக வாங்கினோம், தாராளமாக வருகிறது.

டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ கீழ்க் குழாய்க்கோ மாற்றிவிடுகிற வால்வு) விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், சாமானைத் தனியாக வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வருவது இங்கேதான். கன்சீல்டு டைவர்ட்டரில் சுவருக்குள் புதைகிற பாடி தனி, வெளியே தெரிகிற கைப்பிடியும் தட்டும் தனி. இரண்டும் தனித்தனி பெட்டியில், தனித்தனி விலையில் வரும். ஒரு கம்பெனி பாடிக்கு இன்னொரு கம்பெனியின் மேல்பாகம் பொருந்தாது, ஒரே கம்பெனியிலும் மாடல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், டைல்ஸின் முகம் எந்தக் கோட்டுக்கும் எந்தக் கோட்டுக்கும் நடுவில் வர வேண்டும் என்று அதில் குறித்திருப்பார்கள். உள்ளே அதிகம் போய்விட்டால் கைப்பிடி எட்டாது, வெளியே வந்துவிட்டால் தட்டு சுவரில் ஒட்டாமல் நிற்கும். எங்கள் பிளம்பர் பாடி கைக்கு வராமல் சுவரை வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெட்டிய பிறகும் பாடியை உடனே பூசவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, டைல்ஸ் துண்டு ஒன்றின் பின்னால் அவர் வழக்கமாக வைக்கும் கனத்துக்குக் கலவையை அப்பச் சொல்லி, அதைச் சுவரில் அழுத்திப் பிடிக்க வைத்து, டைல்ஸின் முகம் மூடியில் இருந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வருகிறதா என்று குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். கொஞ்சம் உள்ளே தள்ளி, மறுபடி பார்த்து, அப்புறம்தான் சிமெண்ட் வைத்தார். இந்தப் பொறுமை உள்ள ஆள் கிடைத்தால் கூலி நூறு இருநூறு கூடினாலும் விட்டுவிடாதீர்கள்.

வெஸ்டர்ன் க்ளோசெட்டுக்கும் அளவுதான் முக்கியம். எஸ் டிராப் (கழிவு நேராகத் தரைக்குள் இறங்குகிற வகை) என்றால் சுவரிலிருந்து தரையில் உள்ள ஓட்டையின் நடுப்புள்ளி வரை 9 இஞ்ச், 12 இஞ்ச் என்று மாடலுக்கு மாடல் மாறும், அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து. பெயர்த்த செங்கல் சுவரிலிருந்து அளந்தால் எங்களுக்குப் பத்தே கால் இஞ்ச் வந்தது, பூச்சும் டைல்ஸும் ஏறின பிறகு சரியாக 9. கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை. பிளம்பர்தான் முதலிலேயே கணக்குப் போட்டு 9 இஞ்ச் மாடல் வாங்கச் சொன்னார்.

அடுத்து கடையைப் பற்றி. விலையில், தேர்வில் குறை இல்லை. டெலிவரிதான் மோசம். சாமான் டெம்போவில் வந்தது, டிரைவர் இறக்கிவிட்டுக் கிளம்பத்தான் பார்த்தார். பிளம்பர் அவரை நிறுத்தி, பெட்டிகளை கேட்டிலேயே பிரித்து, மண்பானை வாங்கும்போது செய்வது போல வாஷ்பேசினை விரல் முட்டியால் சுற்றிலும் தட்டினார். ஒரு ஓரத்தில் மட்டும் ஓசை அடைத்துக் கேட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் மயிரிழை விரிசல். கடையில் முதலில் "வண்டி ஏறும்போது நல்லாத்தான் இருந்தது" என்றார்கள், டிரைவரே போனில் பேசிய பிறகு மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மாற்று பேசின் வந்து சேரத் தாமதமானதில் பிளம்பர் சும்மா உட்கார்ந்த நாளுக்கும் நாங்கள்தான் கூலி கொடுத்தோம். மொத்த கான்ட்ராக்டில் அந்த நஷ்டம் கான்ட்ராக்டருடையது, இந்த முறையில் நம்முடையது. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

சில்லறைச் சாமானையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்: ஆங்கிள் காக், கனெக்ஷன் ஹோஸ், வேஸ்ட் கப்ளிங், பாட்டில் டிராப், டெஃப்லான் டேப், பேசினுக்கு ராக் போல்ட். எக்ஸ்டென்ஷன் நிப்பிள் (சுவருக்குள் இருக்கும் பைப்பின் வாயை வெளியே நீட்டுகிற சின்னத் துண்டு) அரை இஞ்ச், ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று எல்லா நீளத்திலும் இரண்டிரண்டு வேண்டும். டைல்ஸ் ஏறின பிறகு சுவரில் எல்போவின் (பைப் வளைவின்) வாய் எவ்வளவு உள்ளே போகும் என்பது ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு மாதிரி. இது ஒன்று குறைந்தால் வேலை அப்படியே நிற்கும், தெருமுனை ஹார்டுவேர் கடையில் கேட்ட விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டோம். ஜாயிண்ட்டிலும் சுவருக்குள் ஓடும் பைப்பிலும் ஒழுகினால் ஒரு வருஷத்துக்கு பிளம்பர் வந்து பார்க்க வேண்டும், குழாய்க்குள்ளே கோளாறு என்றால் கம்பெனி வாரண்டி, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இந்தப் பிரிவினை இல்லையென்றால் ஒழுகும்போது பிளம்பர் சாமானைக் குறை சொல்வார், கடைக்காரர் பிளம்பரைக் குறை சொல்வார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் எல்லா பாயிண்ட்டிலும் டம்மி பிளக் அடைத்து, டெஸ்டிங் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்து, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். எங்கள் பிளம்பர் சொல்லாமலே செய்தார். உங்கள் ஆள் செய்யவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், பிறகு டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க முடியும்.

செலவைப் பார்த்தால், கான்ட்ராக்டர் சொன்ன தொகைக்கும் எங்களுக்கு ஆனதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே காசுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த குழாயும் க்ளோசெட்டும் கிடைத்தன, அதுதான் எனக்கு லாபம். பிளம்பருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், கடைக்கு மூன்று. வீட்டில் பகலில் ஆள் இல்லாதவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு இங்கே வேலை நடத்துகிறவர்கள் மொத்த கான்ட்ராக்டே கொடுத்துவிடுங்கள், ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். மீந்த நிப்பிள்களையும் பிரிக்காத ஆங்கிள் காக்கையும் கடையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பில் இல்லாமல் எடுக்க மாட்டார்களாம், பத்திரமாக வைத்திருங்கள்.