இந்தப் பருவத்து ஜெர்சி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஒரே கால்பந்து கிளப்புக்கு மூன்று ஜெர்சி: சொந்த மைதானத்துக்கு ஹோம், வெளி மைதானத்துக்கு அவே, மூன்றாவதாகத் தேர்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு தரம், ரசிகருக்கு ஒன்று, ஆட்டக்காரர் போடுவதைப் போலவே ஒன்று. ஆக, இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கிளப்பின் விசுவாசி ஒருவர் ஜூலையில் கடைக்குள் நுழைந்தால் ஆறு உருப்படி அவரைப் பார்த்துச் சிரிக்கும். அடுத்த ஜூலையில் ஆறும் பழசு. சிங்கப்பூரின் குவீன்ஸ்வே, பெனின்சுலா கடைத்தொகுதிகளில் வரிசையாகத் தொங்கும் இந்தச் சட்டைகளில் காசுக்குத் தகுந்தது எது என்று பார்ப்போம்.

ஆட்டக்காரர் தரத்திலிருந்து தொடங்குவோம், ஏமாற்றம் அதில்தான் அதிகம். 2024-25 பருவத்தில் அடிடாஸ் என்றால் ‘ஹீட்.ரெடி’ என்றும் நைக்கி என்றால் ‘டிரை-ஃபிட் ஏடிவி’ என்றும் போட்டிருந்தது. ரசிகர் தரத்தில் ‘ஏரோரெடி’, வெறும் ‘டிரை-ஃபிட்’. எல்லாமே பாலியெஸ்டர்தான். ஆட்டக்காரர் துணி மெலிசு, பின்னலிலேயே காற்றுக்குத் துளை விட்டிருப்பார்கள். கிளப் சின்னத்தைத் தைக்காமல் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். தைத்த சின்னம் கனக்கும், வியர்த்தால் மார்பில் உறுத்தும். 90 நிமிடம் ஓடுகிறவருக்கு அது நியாயமான காரணம். அவருக்கு அடுத்த ஆட்டத்துக்கு வேறு சட்டை வந்துவிடும். காப்பிக்கடையில் தே தாரிக்குடன் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஐம்பதாவது சலவைக்குப் பிறகும் அதே சட்டைதான்.

அங்கேதான் கோளாறு. ஒட்டிய சின்னத்தின் ஓரம் முதலில் தூக்கும், பிறகு மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும். முதுகுப் பை போடும் தோளில் துணி பஞ்சு பஞ்சாகத் திரளும். வெல்க்ரோ பட்டால் நூல் இழுத்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய வெட்டு என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும், நடுவயதுத் தொப்பையை அது மறைக்காது, விளம்பரப்படுத்தும். ரசிகர் தரமே 100 வெள்ளியைத் தாண்டும்போது, இதற்கு அதைவிடப் பெரிய தொகை கொடுப்பது வீண். சின்னம் தைத்த, தாராளமாகத் தொங்கும் ரசிகர் ஜெர்சியே நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் ஏற்றது. மெலிசான துணி நனைந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும், இது ஒட்டாமல் நிற்கும்.

அடுத்தது பெயரும் எண்ணும். சிங்கப்பூரில் பெரும்பாலும் கடையிலேயே ஹீட் பிரஸ் என்ற சூட்டு அழுத்த இயந்திரத்தில் ஒட்டித் தருகிறார்கள், காத்திருந்து வாங்கலாம். அந்தப் பத்து நிமிடத்தைக் கைப்பேசியில் கழிக்காமல் வேலையைக் கவனியுங்கள். வெற்றுத் துணியை முதலில் சில வினாடி அழுத்தி ஈரத்தை விரட்ட வேண்டும். இங்கே காற்றிலேயே அவ்வளவு ஈரம், இதை விட்டுவிட்டால் பசை அரைகுறையாகத்தான் பிடிக்கும். பிறகு எழுத்தை வைத்து, அதன் வகையைப் பொறுத்து 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் 10 முதல் 15 வினாடி. தட்டுக்கு அடியில் கழுத்துத் தையலோ தோள் மடிப்போ சிக்கினால் அந்தப் பக்கம் மேடாகி, பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு அழுத்தம் போகாது. பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சீக்கிரம் உரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சூடு கூடிவிட்டால் வேறு தொல்லை. சிவப்பு பாலியெஸ்டரின் சாயம் ஆவியாகி வெள்ளை எண்ணுக்குள் ஏறிவிடும். கடையில் பளிச்சென்று இருக்கும் எண் சில நாளில் வெளிர் ரோஜா நிறமாக நிற்கும். துவைத்ததால் சாயம் இறங்கிவிட்டது என்று வீட்டில் இருப்பவரைக் குறை சொல்வார்கள், பாவம். அது கடையிலேயே நடந்த தவறு, துவைத்துப் போக்க முடியாது.

ஆனால் பெயர் தேவையா என்பதே கேள்வி. பிரிமியர் லீக்கில் ஆட்டக்காரர் பெயரும் நிலையான எண்ணும் 1993-94 பருவத்தில்தான் வந்தன. அப்போது பெயர் போட்டால் அந்த ஆட்டக்காரர் சில வருடமாவது இருப்பார் என்று நம்ப முடிந்தது. இப்போது ஆகஸ்டில் ஒட்டிய பெயர் ஜனவரியில் வேறு கிளப்புக்கு வாடகைக்குப் போயிருக்கும். எழுத்துருவும் 1997, 2007, 2017, 2023 என மாறிக்கொண்டே வந்திருக்கிறது, கடைசி இடைவெளி வெறும் ஆறு வருடம். பல கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளுக்கென்று தனி எழுத்துரு வைத்திருக்கின்றன. ஒரே ஆட்டக்காரர், ஒரே எண், இரண்டு வடிவம், இரண்டுக்கும் தனித்தனிக் காசு. பெயரில்லாமல் வாங்குங்கள்.

விலை ஏன் இப்படி? மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் அடிடாசுக்கும் 2023-ல் நீட்டித்த ஒப்பந்தம் பத்து வருடத்துக்குக் குறைந்தது 900 மில்லியன் பவுண்டு. அந்தப் பணம் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானப் புல்லில் முளைப்பதில்லை. இவ்வளவு கொடுத்து வாங்கும் சட்டையில் நாம் விளம்பரத்தையும் இலவசமாகச் சுமக்கிறோம். 1979-ல் லிவர்பூல் மார்பில் ‘ஹிட்டாச்சி’ ஏறியது, 2017-18 முதல் கையிலும் இடம் விற்கிறார்கள். சூதாட்ட நிறுவனங்களை மார்பிலிருந்து 2025-26 பருவ முடிவோடு எடுத்துவிடுவதாக 2023-ல் கிளப்புகள் ஒப்புக்கொண்டன. கைக்கு அந்தத் தடை இல்லை. மார்பில் சூதாட்டப் பெயர் போட்ட கிளப்புகளின் சிறுவர் ஜெர்சியில் அந்தப் பெயர் இருக்காது. மார்பு காலியாக, பார்க்கவே அழகாக இருக்கும். பெரியவர்களுக்கும் அப்படியே விற்றால் இன்னும் பத்து வெள்ளி சேர்த்துக் கொடுக்கலாம்.

2021 ஏப்ரலில் ஆறு ஆங்கில கிளப்புகள், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனியாகத் தொடங்க முயன்ற சூப்பர் லீக்கில் சேர்ந்துவிட்டு இரண்டே நாளில் பின்வாங்கியபோது, இனி இவர்களுக்கு ஒரு காசும் கிடையாது என்று சொன்னவர்கள் நிறைய. ஆகஸ்டில் கடையில் வரிசை நின்றது. கிளப்புகளுக்கு அது தெரியும்.

விட மனமில்லாதவர்கள் மார்ச் வரை பொறுக்கலாம். பருவத்தின் கடைசி இரண்டு மாதங்களில் பழைய ஜெர்சியின் விலையைக் கடைகள் இறக்கிவிடும். தேர்டு ஜெர்சிதான் முதலில் இறங்கும். இணையத்தில் அரை விலைக்கும் கீழே தென்பட்டால் இடுப்புப் பக்கம் உள்ளே தைத்திருக்கும் சிறிய குறிச்சீட்டைப் படம் கேளுங்கள். அதில் பொருள் எண் இருக்கும். அதைத் தேடினால் அதே கிளப், அதே பருவம், அதே நிறம் வர வேண்டும். காலணி வந்தால் போலி.

துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, குழாய்த் தண்ணீரில், சட்டை கழற்றிய அன்றே. துணி மென்மையாக்கி வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரியும் ஒட்டுகளுக்கு எமன். மூங்கில் கழியில் போட்டால் உட்புறம் வெளியே இருக்கட்டும், எண் வெயில் பார்க்க வேண்டாம்.

பழையதைப் பத்திரப்படுத்துவது வேறு விஷயம். பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்தால் உள்ளே தங்கும் ஈரத்தில் பாலியூரித்தேன் அச்சு வருடக்கணக்கில் மெல்லச் சிதைந்து பிசுபிசுத்து, மடிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பாதி எழுத்து கையோடு வரும். அச்சின் மேல், கேக் சுடும் தட்டில் போடும் பேக்கிங் தாள் விரித்து, மடிக்காமல் சுருட்டிப் பருத்தித் துணியில் வையுங்கள். ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று வென்று சிங்கப்பூர் மலேசியக் கிண்ணம் தூக்கிய 1994-ஐ ஒட்டி வாங்கிய சட்டை எதுவும் வீட்டில் இருந்தால், தடவிப் பாருங்கள். எண் வெல்வெட் போல் புசுபுசுவென்று இருந்தால் அதற்குப் பேக்கிங் தாள்கூட வேண்டாம். அந்த வகை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது.