மருந்து ஜன்னலுக்கு முன்னால் இரண்டு வருடம்

எங்கள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு வருடமாக மாதம் தவறாமல் போய் வருகிறேன். அப்பாவுக்குப் பிரஷரும் சுகரும் உண்டு. மகளுக்கு நான்கு வயது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று அவளையும் வருடத்துக்கு ஐந்தாறு தடவை தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். அங்கே எப்படி என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: ஆட்கள் அருமையானவர்கள், மருந்துக் கணக்குதான் சரியில்லை. நான் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிறவன். மற்றவர்கள் கட்டடத்தையும் வரிசையையும் பார்ப்பார்கள், என் கண் நேராக மருந்து அலமாரிக்குப் போய்விடும். அதனால் அலமாரியைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி மகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. விடிவதற்குள் எட்டு தடவை போய்விட்டாள். காலையில் போனதும் சிஸ்டர் அவளைப் படுக்கவைத்து, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே பழையபடி படிந்தது. கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு டம்ளரில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்து அவள் ஆவலாகக் குடிக்கிறாளா என்று கவனித்தார்.

"ஒரு ஊசி போட்டு நிறுத்திவிடக் கூடாதா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"ரத்தம் கலந்து போகுதா?"

"இல்லை."

"அப்ப ஊசி வேண்டாம் தம்பி, ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். உடம்பிலிருந்து போன தண்ணியையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும்."

அப்புறம் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கையில் எடுத்துக் காட்டினார். மொத்தம் 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதியைக் குத்துமதிப்பாக ஒரு டம்ளரில் போட்டால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கே ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. குளுக்கோஸ் குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகும்போது உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், உப்பு போகிற பக்கம் தண்ணீரும் போகும் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. முன்பு இந்தப் பொட்டலத்தில் உப்பும் குளுக்கோஸும் இன்னும் அதிகமாக இருந்தன. 2002-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் குறைத்து இப்போதைய அளவைக் கொண்டுவந்தது.

கூடவே துத்தநாக மாத்திரை, 20 மில்லிகிராம், தினம் ஒன்று, 14 நாள். மூன்றாவது நாளே வயிறு சரியாகிவிட்டது. ஆனாலும் 14 நாளும் கொடுத்தோம். நின்றுவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த சில மாதத்தில் மறுபடி வராமல் இருக்க அது உதவும் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இருமலுக்குப் போனபோதும் அதே நிதானம். மகளின் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். அந்த ஒரு நிமிடம் அறையில் யாரையும் பேசவிடவில்லை. முப்பத்து நான்கு வந்தது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நாற்பதோ அதற்கு மேலோ வந்தால்தான் வேக மூச்சு, நிமோனியாவோ என்று யோசிக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிகிறதா என்றும் பார்த்தார். இல்லை. ஆன்டிபயாடிக் இல்லாமலே அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்புகிறார்களே என்று வெளியே சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், இந்த நிலையத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்த ஒரு நிமிடம்தான்.

சரி, இப்போது அலமாரிக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் தினம் ஒன்று, சுகருக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிட்டதும். பெரிய விஷயமே இல்லை, எல்லா ஊரிலும் எல்லா நிலையத்திலும் இருக்க வேண்டிய அடிப்படை மருந்துகள். போன வருடம் ஒரு மாதம் 22-ஆம் தேதி ஜன்னலில் போய் நின்றால், பிரஷர் மாத்திரை இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் இல்லை. அடுத்த மாதம் சரக்கு வந்தது, ஆனால் ஆளுக்குப் பத்து நாளுக்குத்தான் கொடுத்தார்கள். முழங்கால் வலியோடு அப்பா மாதத்தில் மூன்று தடவை வந்து வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர், "எனக்கு ஒன்றும் பண்ணவில்லையே, நன்றாகத்தானே இருக்கேன்" என்று வருவதையே விட்டுவிட்டார். பிரஷர் வலியும் காட்டாது, காய்ச்சலும் காட்டாது. பத்து நாளைக்கு ஒரு தடவை ஆளை நடக்கவைத்தால், வலிக்காத நோய்க்காரர்தான் முதலில் விலகிப்போவார்.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கு மண்டையைக் குடைந்தது. ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் மருந்தாளுநர் அக்காவிடம் என் வேலையைச் சொல்லி, ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரும் இதே கவலையில்தான் இருந்தார். எடுத்துக் காட்டினார்.

அம்லோடிபின் வாங்குகிறவர்கள் 120 பேர். ஆளுக்கு 30 என்றால் மாதம் 3600 மாத்திரை வேண்டும். அந்த மாதம் 20-ஆம் தேதியே 2400-ஓடு தீர்ந்துவிட்டது. கடைசிப் பத்து நாளில் வந்த 40 பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள், அவர்களில் என் அப்பா ஒருவர். மாத முடிவில் இன்டென்ட், அதாவது அடுத்த மாதத்துக்கு மருந்து கேட்டு மேலே அனுப்பும் படிவத்தில் 'சென்ற மாதம் வழங்கியது' என்ற கட்டத்தில் 2400 என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்து மேலே இருந்து அடுத்த மாதமும் 2400 அனுப்புகிறார்கள். கொடுக்க முடியாமல் போனது, தேவையே இல்லாதது போல ஏட்டில் ஏறிவிடுகிறது. ஒரு தடவை பற்றாக்குறை வந்துவிட்டால் அதுவே மாதாமாதம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. கணக்குப் போடும் முறையில்தான் ஓட்டை.

கிடங்கு வேலையில் இதை முதல் மாதமே கற்றுக்கொள்வோம். சரக்கு இருந்த நாட்களை மட்டும் வைத்துத்தான் வகுக்க வேண்டும். 2400-ஐ 20 நாளால் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 3600. உண்மைத் தேவை அதுதான். அதோடு, கேட்டதிலிருந்து சரக்கு வந்து இறங்க 15 நாள் ஆகிறது என்றால், அலமாரியில் 1800 மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த இன்டென்ட் போயிருக்க வேண்டும். தாமதத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகவும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மழை பிடிக்கும் மாதத்துக்கு முந்தின மாதக் கணக்கும் உதவாது, போன வருடம் அதே மாதத்துக் கணக்குதான் வேண்டும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் எகிறும்போது ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால் இரண்டும் எவ்வளவு போகும் என்பதை அதுதான் சொல்லும்.

இன்னொரு குறை, இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. புதுச் சரக்கில் வேறு கம்பெனியின் அம்லோடிபின் வந்தது. பழைய அட்டை வெள்ளி நிறம், புதியது சிவப்பு எழுத்தோடு. இது அதே மருந்துதான் என்று ஜன்னலில் யாரும் சொல்லவில்லை. அப்பா இதைப் புது மாத்திரை என்று நினைத்து, வீட்டில் மிச்சம் இருந்ததில் ஒன்று, இதில் ஒன்று என்று இரண்டு வாரம் சேர்த்துப் போட்டிருக்கிறார். இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. சிறுநீரகக் கோளாறோ என்று வீடே பயந்துபோனது. சிஸ்டர்தான் இரண்டு அட்டையையும் வாங்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்குமாம். புதிய அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார், ஒன்றாகக் குறைத்ததும் வீக்கம் வடிந்தது. ஜன்னலில் ஒரு வரி பேசியிருந்தால் போதும்.

குழந்தைகளின் பாராசிட்டமால் சிரப்பிலும் இதே ஆபத்து உண்டு. ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் வரும், 250 உள்ளதும் வரும். என் மகள் 15 கிலோ. முதல் வகை என்றால் 7.5 மில்லி, இரண்டாவது என்றால் 3.5 மில்லி. பழைய அளவை மனதில் வைத்துக்கொண்டு புது பாட்டிலில் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். இப்போதெல்லாம் பாட்டிலை வாங்கியதும் எண்ணைப் படித்துவிட்டு, அளவைச் சிஸ்டரிடம் கேட்டு மூடியின் மேல் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

சிரங்கு மருந்து விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. பெர்மெத்ரின் களிம்பு குறைவாக இருக்கிறது என்று அரிப்பு உள்ள ஒருவருக்கு மட்டும் ஒரு டியூப் கொடுக்கிறார்கள். சிரங்கை உண்டாக்கும் பூச்சி ஒரே பாயில் படுக்கிற எல்லார் உடம்பிலும் இருக்கலாம், சிலருக்கு அரிப்பு தெரிய வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் ஆறு பேர் என்றால் ஆறு பேரும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால் வரை தடவ வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஒருவருக்குக் கொடுத்த டியூப் அடுத்த மாதமே வீணாகிவிடுகிறது. மருந்து கொஞ்சமாக இருந்தால் இரண்டு வீட்டுக்கு முழுதாகக் கொடுங்கள், பன்னிரண்டு வீட்டுக்கு ஒவ்வொன்றாக வேண்டாம்.

தடுப்பூசி வைத்திருக்கும் முறை மட்டும் குறை சொல்ல இடமில்லாதது. குளிர்சாதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுதுகிறார்கள். குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சிறு சதுரம். வெயில்பட்டுச் சூடு ஏற ஏறச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பையில்தான் போட வேண்டும். மகளுக்கு ஊசி போடும் முன் சிஸ்டர் அதை என் கண் முன்னால் நீட்டி, "வெளுப்பா இருக்கு பாருங்க" என்று காட்டிவிட்டுத்தான் போட்டார். நாய்க்கடி ஊசியும் நான் கேட்டவரை எப்போதும் இருந்திருக்கிறது. கடி ஆழமாக இருந்தால் காயத்துக்குள் போடும் இன்னொரு மருந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அனுப்பும் முன் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் குழாயடியில் கழுவவைப்பதை நானே பார்த்தேன்.

போகிறவர்கள் பழைய மாத்திரை அட்டைகளை, காலியானவற்றையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு போங்கள். மாதாந்திர மருந்துக்கு மாத முதல் வாரத்திலேயே போய்விடுவது நல்லது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், மருத்துவத்துக்கு மட்டும் என்றால் நாலரை.

மூன்று மாதமாக அக்கா ரிஜிஸ்டரின் ஓரத்தில் சரக்கு இல்லாத நாட்களைச் சிவப்பு மையில் எழுதுகிறார், இன்டென்டில் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அனுப்புகிறார். முதல் தடவை மேலே இருந்து திருப்பி அனுப்பினார்கள். விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினார். இந்த மாதம் 24-ஆம் தேதி போனேன். அப்பாவுக்கு முப்பது மாத்திரை முழுதாகக் கிடைத்தது. பெர்மெத்ரின் இன்னும் வரவில்லை.